சும்மா ஒரு விசாரணை

சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவருக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது. "ஸ்டேஷன்ல இருந்து பேசறோம் சார். உங்க மேல ஒரு பெட்டிஷன் வந்திருக்கு. சும்மா ஒரு விசாரணைதான். நாலு மணிக்கு வந்துட்டுப் போயிடுங்க." வாடகை வீட்டைக் காலிசெய்வதில் வீட்டுக்காரரோடு அவருக்குத் தகராறு இருந்தது. அட்வான்ஸைத் திருப்பித் தந்தால் அன்றைக்கே காலிசெய்கிறேன் என்பது அவர் கட்சி. துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ரைட்டர் எங்களை ஏறிட்டுப் பார்த்துவிட்டுச் சுவரோரப் பெஞ்சைக் காட்டினார். "ஐயா ரவுண்ட்ஸ் போயிருக்கார், உக்காருங்க."

யாரும் எங்களை அதட்டவில்லை. ஏட்டு ஒருவர் டீ வேண்டுமா என்றுகூடக் கேட்டார். ஏழு மணிவாக்கில் நண்பர் எழுந்து, "நாளைக்குக் காலையில வரட்டுமா?" என்றார். "ஐயா வந்து கேட்டா நான் என்ன சார் சொல்றது?" என்றார் ரைட்டர். குரல் உயரவில்லை. ஆனாலும் நண்பர் மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

அந்த நேரத்தில் அவர் யார்? குற்றவாளி இல்லை, சாட்சி இல்லை, கைதியும் இல்லை. அப்படியானால் ஏன் எழுந்து போக முடியவில்லை? போலீஸுக்கும் தனிமனிதருக்குமான உறவில் இந்தப் பெஞ்சைப் பற்றித்தான் மிகக் குறைவாக எழுதப்பட்டிருக்கிறது. லாக்கப்பைப் பற்றித் தீர்ப்புகள் உண்டு, நாவல்கள் உண்டு, சினிமாக்கள் உண்டு. பெஞ்சுக்கு ஒன்றுமில்லை.

குழப்பம் சொல்லிலேயே தொடங்குகிறது. உடம்பு முடியாதவரை விசாரிக்கிறோம், வரன் விசாரிக்கிறோம், கோர்ட்டில் வழக்கு விசாரணைக்கு வருகிறது, ஸ்டேஷனில் விசாரணை நடக்கிறது. சட்டப் புத்தகம் இவற்றைப் பிரித்து வைத்திருக்கிறது. வழக்குப் பதிந்தபின் போலீஸ் செய்வது புலன்விசாரணை. மனுவை வைத்துக்கொண்டு இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவது வேறு. முன்னதில் ஆளை வரவழைக்கப் போலீஸுக்கு அதிகாரம் உண்டு. பின்னதில் பெரும்பாலும் இல்லை. ஆனால் போனில் வருவது 'விசாரணை' என்ற ஒரே சொல்தான். அதற்குள் எல்லா அதிகாரமும் இருப்பதுபோலக் கேட்பவர் காதில் விழுகிறது. கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் தான் ஆந்திரத்தின் குண்டூரில் பட்டதை எழுதிய 'லாக்கப்' நாவலைப் படமாக்கிய வெற்றிமாறன், அதற்கு 'விசாரணை' என்று பெயர் வைத்தார். தமிழில் அந்தச் சொல்லுக்கு எத்தனை நிழல் இருக்கிறது என்று தெரிந்து வைத்த பெயர்.

சட்டம் என்ன சொல்கிறது? 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா இருக்கிறது. இந்த விஷயத்தில் எண் மாறியதே தவிர சாரம் பெரிதாக மாறவில்லை. பழைய 160, இப்போது 179. புலன்விசாரணை செய்யும் அதிகாரி, விவரம் தெரிந்தவர் என்று கருதும் ஒருவரைத் தன் முன் வரச்சொல்லலாம். ஆனால் எழுத்துமூலமான உத்தரவால்தான் வரச்சொல்ல வேண்டும். அந்த ஆள் அதே ஸ்டேஷன் எல்லையிலோ பக்கத்து எல்லையிலோ இருப்பவராக இருக்க வேண்டும். பெண்களை, 15 வயதுக்கு உட்பட்ட ஆண் பிள்ளைகளை, 60 வயதைத் தாண்டியவர்களை, உடற்குறையோ மனநலக் குறையோ உள்ளவர்களை, கடும் நோயாளிகளை ஸ்டேஷனுக்கு வா என்று கட்டாயப்படுத்தக் கூடாது. அவர்கள் வீட்டுக்குப் போய்த்தான் கேட்க வேண்டும். குற்றம் செய்ததாகச் சந்தேகிக்கப்படுபவர், ஆனால் கைது தேவையில்லை என்றால், 35ஆம் பிரிவின்படி நோட்டீஸ். அதுவும் எழுத்தில்தான். இந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொன்னது. வாட்ஸ்அப்பே போதாது என்றால், மதியச் சாப்பாட்டு நேரத்து போன் எந்தக் கணக்கில் சேரும்?

எழுத்து, எழுத்து என்று சட்டம் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உரிமைகள் எல்லாம் ஒரு பதிவிலிருந்துதான் உயிர் பெறுகின்றன. மேற்கு வங்கச் சட்ட உதவி அமைப்பொன்றின் தலைவரான டி.கே. பாசு, காவல் சாவுகளைப் பற்றிய பத்திரிகைச் செய்திகளை இணைத்து 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். பத்து ஆண்டு கழித்து, 1996 டிசம்பரில், அதிலிருந்து 11 கட்டளைகள் பிறந்தன. கைதுக் குறிப்பு எழுத வேண்டும், சாட்சி கையெழுத்திட வேண்டும், உறவினருக்குச் சொல்ல வேண்டும், 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவர் பார்க்க வேண்டும், வக்கீலைச் சந்திக்க விட வேண்டும். பெரும்பாலானவை பின்னால் சட்டத்திலேயே ஏறிவிட்டன. ஆனால் எல்லாமே 'கைது' என்ற சொல்லுக்குப் பிறகுதான் விழித்துக்கொள்கின்றன. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்ற அரசியல் சாசனத்தின் 22ஆம் கூறும் அப்படித்தான். கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது ஸ்டேஷன். முதல் நாள் இரவு வீட்டில் பிடித்தவரை மறுநாள் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் சந்தேகத்துக்கு இடமாக நின்றபோது பிடித்ததாக எழுதினால், நடுவிலிருந்த இருபது மணி நேரம் எந்தக் காகிதத்திலும் இல்லை.

இதற்கு நல்ல சாட்சி ஒரு வக்கீல். 1994 ஜனவரி 7ஆம் தேதி, உத்தரப் பிரதேசம் காஜியாபாத்தில், ஜோகிந்தர் குமார் என்ற 28 வயது வழக்கறிஞரைச் சில விவரங்கள் கேட்க வேண்டும் என்று மாவட்டப் போலீஸ் தலைவர் அழைத்தார். சகோதரர்களோடு அவர் தானாகவே போனார். மாலையில் விட்டுவிடுவோம் என்றார்கள், பிறகு நாளைக்கு என்றார்கள், அதற்குப் பிறகு எங்கே கொண்டுபோனார்கள் என்றே வீட்டாருக்குத் தெரியவில்லை. ஆட்கொணர்வு மனு உச்ச நீதிமன்றத்துக்குப் போனபின் 14ஆம் தேதி அவரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஏன் அடைத்து வைத்தீர்கள் என்று கேட்டதற்கு அதிகாரி சொன்ன பதிலின் சாரம்: அடைத்து வைக்கவே இல்லை, சில வழக்குகளில் துப்புத் துலக்க எங்களுக்கு உதவிக்கொண்டிருந்தார்! சட்டம் படித்தவருக்கே இதுதான் கதி. கைது செய்ய அதிகாரம் இருப்பது வேறு, அதைப் பயன்படுத்தக் காரணம் இருப்பது வேறு என்று அந்த வழக்கில் நீதிமன்றம் பிரித்துச் சொன்னது. நடக்கும் கைதுகளில் ஏறத்தாழ 60 சதவீதம் தேவையற்றவை என்று தேசியப் போலீஸ் கமிஷன் முன்பே எழுதியிருந்ததையும் எடுத்துக் காட்டியது. அதற்கும் பதினான்கு ஆண்டுகளுக்கு முன், 1980இல், நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இந்தக் கண்ணாமூச்சியைக் கண்டித்திருந்தார். பிடித்தோம் ஆனால் கைது செய்யவில்லை, வைத்திருந்தோம் ஆனால் காவலில் இல்லை என்ற சொல் விளையாட்டு செல்லாது என்பது அவர் தீர்ப்பின் கருத்து.

இந்த இடத்தில் போலீஸை மட்டும் திட்டிவிட்டு நகர்வது எளிது. எழுதப்படாத நேரத்துக்கு வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். அது நாம்தான். என் நண்பரின் வீட்டுக்காரர் போக வேண்டிய இடம் வாடகை நீதிமன்றம். அங்கே வாய்தா வாங்கி வாய்தா வாங்கி வருஷங்கள் ஓடும். ஸ்டேஷனில் ஒரு மனு கொடுத்தால் எதிராளி ஒரே சாயங்காலத்தில் பெஞ்சில் உட்கார வைக்கப்படுவார். கைமாற்றுப் பணம், வரப்புத் தகராறு, மருமகள் சண்டை, சீட்டுக் கம்பெனி என்று எல்லாமே இப்படித்தான் உள்ளே வருகின்றன. மனு கொடுத்தவருக்கு ஒரு சி.எஸ்.ஆர். ரசீது கிடைக்கும். அது முதல் தகவல் அறிக்கை இல்லை. ஆனாலும் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "அவன் மேல கேஸ் குடுத்திருக்கேன்" என்று தெருவில் சொல்லலாம். கைது செய்யத்தக்க குற்றம் என்று தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை பதிந்தே ஆக வேண்டும் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் ஐந்து நீதிபதிகள் சொன்னார்கள். குற்றமே இல்லாத சிவில் தகராறில் போலீஸுக்கு வேலையே இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு திண்ணை கட்டி, அதில் பஞ்சாயத்து நடக்கிறது. கோர்ட்டுகள் சலிக்காமல் கண்டித்தும் அது ஏன் சாகவில்லை என்றால், அதனால் பயனடைந்தவர்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நாளைக்கு அதே பெஞ்சில் தாங்களே உட்கார நேரும் என்பது அவர்களுக்கு அன்றைக்குத் தோன்றுவதில்லை.

பழைய கதை ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் சட்டத்தின் ஒரு விநோதம் அங்கிருந்துதான் வருகிறது. 1854இல் லண்டன் நாடாளுமன்றத்தில், சென்னை மாகாணத்தில் வரி வாங்குவதற்குக் குடியானவர்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்ற பேச்சு எழுந்தது. கம்பெனி அரசு எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூவரைக் கொண்டு ஒரு கமிஷன் போட்டது. அதன் அறிக்கை 1855இல் வந்தது. குற்றச்சாட்டு உண்மைதான் என்றார்கள். வரி வாங்குவதும் திருடனைப் பிடிப்பதும் அன்று ஒரே ஆட்களின் வேலை. எனவே முறைகளும் ஒன்றே. அறிக்கையில் ஆங்கில எழுத்தில் இரண்டு தமிழ்ச் சொற்கள் அடிக்கடி வருகின்றன: கிட்டி, அண்ணாந்தாள். கிட்டி என்பது விரல்களை இடுக்கி நெரிக்கும் கட்டை. அண்ணாந்தாள் என்பது ஆளை அவன் துணியாலேயே வளைத்துக் கட்டி வெயிலில் விடுவது. பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை, அடையாளமும் அதிகம் மிஞ்சாது. இரண்டு ஆண்டு கழித்து, சிப்பாய்க் கலகத்தின் கொடுமைகளை லண்டன் பத்திரிகைகள் பேசிக்கொண்டிருந்தபோது, கார்ல் மார்க்ஸ் நியூயார்க் டெய்லி ட்ரிப்யூனில் இந்த அறிக்கையை எடுத்துக் காட்டி எழுதினார்.

அறிக்கையின் விளைவாக வருவாய் வேலையும் போலீஸ் வேலையும் பிரிக்கப்பட்டன. 1859இல் சென்னைப் போலீஸ் சட்டம் வந்தது, 1861இல் இந்தியா முழுமைக்குமான சட்டம் வந்தது. நம் விஷயத்துக்கு முக்கியமானது அதே 1861இல் குற்றவியல் நடைமுறையிலும் பிறகு 1872இன் சாட்சியச் சட்டத்திலும் ஏறிய ஒரு விதி: போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. கூடவே, புலன்விசாரணையில் ஒருவர் சொன்னதைப் போலீஸ் எழுதிக்கொண்டால், சொன்னவர் அதில் கையெழுத்துப் போடக் கூடாது என்ற விதியும் சேர்ந்தது. நடைமுறைச் சட்டத்தின் பழைய 162, இன்றைய 181. கையெழுத்து வேண்டும் என்று எல்லா இடத்திலும் கேட்கும் சட்டம், இந்த ஓரிடத்தில் மட்டும் வேண்டாம் என்கிறது. தான் உருவாக்கிய போலீஸை அந்தச் சட்டம் நம்பவில்லை. வெள்ளைக்கார ஆட்சி போய் எழுபது எண்பது ஆண்டாகியும் அந்த அவநம்பிக்கையைப் பொதுச் சட்டத்திலிருந்து எந்த அரசும் நீக்கவில்லை என்பதை நான் பாராட்டாகவே சொல்கிறேன்.

ஆனால் அந்த மதிலில் ஒரு திட்டிவாசலும் வைத்தார்கள். சாட்சியச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, இப்போது அதன் இடத்துக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 23ஆம் பிரிவில் ஒட்டாக இருக்கிறது. காவலில் இருப்பவர் சொன்னதை வைத்து ஒரு பொருள் கிடைத்தால், அந்தப் பொருளைக் காட்டிக்கொடுத்த அளவுக்கு அவர் சொன்னது செல்லும். விளைவு என்ன? வாக்குமூலத்துக்கு மதிப்பில்லை, நகைக்கு மதிப்புண்டு. மேலதிகாரி கேட்பதும் 'ரெக்கவரி ஆயிடுச்சா?' என்றுதான். தமிழ்நாட்டின் பெயர்பெற்ற காவல் சாவுகள் சிலவற்றில் கொலையோ குண்டோ கிடையாது. காணாமல் போன சில பவுன்கள்தான் இருக்கும்.

1993இல், கடலூர் மாவட்டம் கம்மாபுரம் ஸ்டேஷனுக்கு ஒரு நகைத் திருட்டுப் புகாரில் குறவர் சமூகத்துக் கூலித் தொழிலாளி ஒருவரைக் கொண்டுபோனார்கள். தப்பி ஓடிவிட்டான் என்று ஸ்டேஷன் சொன்னது. உடல் வேறொரு ஸ்டேஷன் எல்லையில் அடையாளம் தெரியாத பிணமாகக் கிடந்தது. மனைவி விடாமல் போராட, வக்கீலாக இருந்த கே. சந்துரு வழக்கை நடத்தினார். போலீஸ்காரர்களின் குற்றம் உயர் நீதிமன்றத்தில் உறுதியானது 2006இல். 'ஜெய் பீம்' படத்தின் மூலக்கதை இதுதான். 2025 ஜூன் கடைசியில், சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயிலில், காரில் இருந்த நகையைக் காணோம் என்ற புகாரின் பேரில், ஒப்பந்தக் காவலாளியாக இருந்த இளைஞர் ஒருவரைத் தனிப்படை பிடித்துக்கொண்டது. மறுநாள் அவர் உயிரோடு இல்லை. பிரேதப் பரிசோதனையில் 44 காயங்கள். திருட்டுக்கு முறையாக வழக்குப் பதியும் முன்பே யார் சொல்லித் தனிப்படை விசாரித்தது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கேட்டது. முப்பத்திரண்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு சம்பவம். சட்டத்தில் எத்தனையோ திருத்தம் வந்தபின்னும் நடந்த முறை ஒன்றே.

நடுவே கேமரா வந்தது. எல்லா ஸ்டேஷனிலும் வாசல், லாக்கப், தாழ்வாரம், இன்ஸ்பெக்டர் அறை என்று இடம் விடாமல் கேமரா வைக்க வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மடப்புரத்தில் அடி விழுந்த இடங்களில் ஒன்று கோயிலுக்குப் பின்னாலிருந்த கோசாலை. அதை வெளியே காட்டியது யாரோ ஒருவர் மறைந்து நின்று செல்போனில் எடுத்த சின்னக் காணொளி. நேரத்தை எழுதாமல் விடுவதுபோல இடத்தையும் எழுதாமல் விடலாம்.

எழுதிவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சாத்தான்குளத்தில் 2020 ஜூன் 19 இரவு காகிதங்கள் இருந்தன. ஊரடங்கு நேரத்தைத் தாண்டிச் செல்போன் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லித் தந்தையையும் மகனையும் பிடித்தார்கள். அவர்களே தரையில் உருண்டு உள்காயம் பட்டுக்கொண்டார்கள் என்று முதல் தகவல் அறிக்கை எழுதியது. பக்கத்துக் கடைக் கேமராவில் அப்படி யாரும் உருளவில்லை. மருத்துவச் சான்றும் ரிமாண்டும் கிடைத்து, நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்த கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டு, சில மணி நேர இடைவெளியில் இருவரும் இறந்தார்கள். பிறகு விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட், ஸ்டேஷன் கேமராப் பதிவுகள் நாள்தோறும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருப்பதைப் பார்த்தார். உயர் நீதிமன்றம் ஸ்டேஷனையே வருவாய்த் துறையின் பொறுப்பில் விட்டது. போலீஸையும் வருவாயையும் பிரிக்கச் சொன்ன 1855 அறிக்கையை எழுதிய மூவரும் இதைக் கேட்டிருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ! அன்றிரவு பணியிலிருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர் தான் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். பொய்க் காகிதங்களை உடைத்ததில் அந்த ஒரு வாய்க்கும் பங்குண்டு.

காகிதம் ஆளைக் கட்டிப் போட்டதும் உண்டு. 1911இன் குற்றப் பழங்குடிகள் சட்டத்தில் ஒரு சமூகத்தின் ஆண்கள் முழுவதும் கைரேகை வைத்துப் பதிந்துகொள்ள வேண்டியிருந்தது. மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி போலீஸ் சுட்டதில் பதினாறு பேர் இறந்தார்கள். சட்டம் 1947இல் சென்னை மாகாணத்தில் ஒழிந்தது. ஆனால் ஊரில் களவு என்றால் முதலில் எந்தத் தெருவுக்கு ஜீப் போகும் என்பது இன்றைக்கும் ஊருக்குத் தெரியும். பெஞ்சில் உட்கார்ந்து டீ வாங்கிக் குடிப்பதற்கும் ஒரு சாதியும் ஒரு சட்டை மடிப்பும் தேவைப்படுகிறது. எங்களுக்கு அவை இருந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை.

அந்தச் சலுகையின் எல்லை மேல்தட்டில் எதுவரை போகும் என்பதற்கு உதாரணம் நந்தினி சத்பதி வழக்கு. ஒடிசாவின் முன்னாள் முதல்வரான அவரை 1977இல் கட்டாக் விஜிலன்ஸ் போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி, நீண்ட கேள்விப் பட்டியலை எழுதியே கொடுத்தார்கள். அவர் பதில் சொல்ல மறுத்தார், வழக்குப் போட்டார்கள், உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1978இல் கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு, தன்னைக் குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்கு மௌனமாக இருக்கும் உரிமை கோர்ட்டில் மட்டும் இல்லை, போலீஸ் விசாரணையிலேயே தொடங்கிவிடுகிறது என்றது. பெண்ணை ஸ்டேஷனுக்கு அழைத்ததே தவறு என்றது. வக்கீலை உடன் வைத்துக்கொள்ள விட வேண்டும் என்றது. எல்லாரும் மேற்கோள் காட்டும் தீர்ப்பு. நான் அதில் கவனிப்பது ஒரு சின்ன விஷயம்: அவருக்குக் கேள்விகள் காகிதத்தில் வந்தன. எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்று வரிசையாகக் காட்ட முடிந்தது. கம்மாபுரத்துக் கூலிக்காரரிடம் என்ன கேட்டார்கள் என்பதற்கு எந்தத் தாளும் இல்லை.

2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இன்னொரு படி போனது. எந்தக் குற்றமானாலும், கைதுக்கான காரணத்தைக் கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றது. நல்ல தீர்ப்பு. அதுவும் கைதுக்குப் பிறகுதான்.

என் நண்பரின் கதைக்கு வருகிறேன். இன்ஸ்பெக்டர் ஒன்பது மணிக்கு வந்தார். பத்து நிமிஷம் பேசினார், மரியாதையாகவே. இரண்டு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றார். கிளம்பும்போது ரைட்டர் வெறும் வெள்ளைத் தாள் ஒன்றை நீட்டி, "அடியில ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க சார், மேல நாங்க எழுதிக்கிறோம்" என்றார். மனு விசாரணைக்கு 181ஆம் பிரிவின் தடை பொருந்துமா என்று வக்கீல்கள் வாதாடலாம். வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்க எந்தப் பிரிவும் இடம் தரவில்லை என்பதில் வாதத்துக்கு இடமில்லை. நண்பர் பேனாவை எடுத்தார். நடுங்கும் கையெழுத்தில், தாளின் மேற்பகுதியிலிருந்தே எழுதத் தொடங்கினார்: போன் வந்ததால் மாலை 4.10க்கு வந்தேன், இரவு 9.35க்குக் கிளம்புகிறேன். அதற்கு நேர் கீழே, இடம் விடாமல், கையெழுத்துப் போட்டார்.

ரைட்டர் தாளை வாங்கிப் படித்தார். "நேரமெல்லாம் எதுக்கு சார் எழுதறீங்க?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே புரியாமல் கேட்டார். பிறகு அதை இரண்டாக மடித்து மேஜை அறையில் போட்டுவிட்டு, கட்டிலிருந்து இன்னொரு வெள்ளைத் தாளை உருவினார்.